ஏழாம் தூணில் ஒரு மூட்டை

கல் பேசுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

கம்சலா அதை மூன்று தரம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். டீக்கடையில் போண்டா வைத்துக் கொடுத்த தாள் அது. எண்ணெய் ஊறிப் பின்பக்கத்து எழுத்தும் முன்னால் தெரிந்ததால் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தப்பில்லை. கருங்கழி ரயில் பாலம் இடிந்த இடத்தில் நினைவகம் திறந்து ஆறு மாதம் ஆகிறதாம். இடிந்த தூண்களின் துண்டுகளை அங்கே நிறுத்திவைத்திருக்கிறார்களாம். காதை வைத்தால் குரல் கேட்கிறதாம்.

யாருடைய குரல் என்பது போட்டிருந்த இடத்தில் போண்டா பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கம்சலா அதைச் சுரண்டிப் பார்த்தாள். எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. அமாவாசைக்குக் கட்டட வேலை கிடையாது. அன்று காலை முதல் பஸ்ஸில், கூட வேலை செய்யும் தெய்வானையையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஏண்டி, இருநூத்திப் பதினோரு பேரு செத்த எடத்துக்கு அமாவாசையும் அதுவுமாவா போவாங்க?" என்றாள் தெய்வானை.

"நீதான கடல் பாக்கணும்ன. பக்கத்துலயே கடல்தான்."

"கடல் பாக்கணும்னேன். கல்லு பாக்கணும்னனா? அதத்தான் தெனமும் தலையில சொமக்கறமே. லீவுலயும் அதும் மூஞ்சிலயே முழிக்கணுமா?"

கம்சலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெய்வானைக்குத் தெரியாத ஒன்று அவள் வயிற்றில் பதினோரு வருஷமாகக் கரையாமல் கிடந்தது.

அந்தப் பாலத்துக்குக் கலவை சுமந்தவள் கம்சலா. தாண்டவராயன் மேஸ்திரியின் ஆட்கள் முப்பது பேர். ஏழாம் தூணுக்கு மட்டும் பெரிய லாரி வரப் பாதை இல்லை. சுற்றிலும் சேறு. அதனால் மிஷின் வைத்து அங்கேயே கலக்கி, சட்டியில் வாங்கிக் கைமாற்றிக் கொட்டினார்கள். சித்திரை வெயில். கலவை கெட்டியாக இருந்தது. சட்டியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழ மாட்டேன் என்றது. நூறு சட்டிக்கு மேல் கழுத்து நரம்பு விண்விண் என்று தெறித்தது. மிஷின்காரன் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில் கம்சலா இரண்டு குடம் தண்ணீரை எடுத்து உள்ளே ஊற்றிவிட்டாள்.

சித்தாள் வேலை செய்யும் யாருக்கும் இது தெரியும். தண்ணீர் கூடினால் கலவை இளகும், சட்டி சுளுவாகக் கவிழும், கழுத்து பிழைக்கும். ஆனால் கான்கிரீட்டின் பலம் போய்விடும். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று தாண்டவராயன் காலையிலேயே எல்லோர் மூஞ்சிக்கு நேராகவும் சொல்லியிருந்தார்.

கலவை வழவழவென்று விழுந்ததும் அவர் கண்டுபிடித்துவிட்டார். "யாரு தண்ணி ஊத்துனது?" என்று கத்தினார். முப்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. கம்சலா, தாகமாக இருக்கிறது, குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு சிமெண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பி வந்தபோது வேலை எப்போதும்போல நடந்துகொண்டிருந்தது. அதோடு போயிற்று என்று நினைத்தாள்.

போகவில்லை. பாலம் திறந்து இரண்டாம் வருஷம், காலை பாசஞ்சர் நடுப்பாலத்தில் இருந்தபோது இடிந்தது. நாடு முழுக்கக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். விசாரணை வந்தது. கூலியாட்கள் அங்கேயே கலக்கிக் கொட்டிய ஏழாம் தூண்தான் முதலில் விட்டது, அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போனது என்றார்கள். அந்தத் தூணுக்குக் கலவை கொட்டிய அன்றைக்குக் கொட்டகையில் ஒரு மூட்டை சிமெண்டு குறைந்ததையும் கண்டுபிடித்தார்கள்.

ஒருநாள் தோல்பை வைத்த ஒருவர் கம்சலாவின் குடிசைக்கு வந்தார். "உங்க மேஸ்திரியப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதியிருக்குது. இங்க வை," என்றார். மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தாள். கோர்ட்டில் அதைப் படித்தபோதுதான் தெரிந்தது. மேஸ்திரி சொல்லித்தான் தண்ணீர் ஊற்றினோம், மூட்டையை அவர்தான் வெளியே விற்றார் என்று அவள் சொல்லியிருக்கிறாளாம்! இல்லை என்று கத்த வாய் வந்தது. கத்தினால் அப்புறம் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்பார்களே. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாண்டவராயன் கூண்டிலிருந்து ஒரே ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷம் போட்டார்கள்.

அந்த மாதமே கம்சலா சங்க ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தாள். வயது நாற்பத்தொன்று. படிக்காமல் எதிலும் கை வைப்பதில்லை என்று ஒரு வெறி. எழுத்து வந்தது. ஆனால் அந்த இரண்டு குடம் தண்ணீர்தான் இருநூற்றுப் பதினோரு பேரைக் கொன்றதா என்பதற்கு எந்தப் புஸ்தகத்திலும் பதில் இல்லை. கல்லே பேசுகிறது என்றால் கல்லைத்தானே கேட்க வேண்டும்?

*

நினைவகம் அவள் நினைத்த மாதிரி இல்லை. கோயில் மாதிரியும் இல்லை, சுடுகாடு மாதிரியும் இல்லை. கழிமுகத்தின் கரையில் புல்வெளி. அதில் ஆளுயரத்துக்கும் மேலாக, கம்பி நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் துண்டுகள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றின் காலடியிலும் பித்தளைத் தகடு. தண்ணீருக்குள் இடிந்த தூண்களின் அடிமொட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

வாசலில் பெயர்ச்சுவர். கம்சலா விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். அகல்யா, 19. அந்தோணிச்சாமி, 54. அந்தோணிச்சாமியின் மகன், பெயரிடவில்லை, 12 நாள். அதற்குமேல் விரல் நகரவில்லை.

"வாடி, அப்புறம் படிக்கலாம்," என்று தெய்வானை முதல்முறையாகக் குரலை இறக்கிச் சொன்னாள்.

உள்ளே மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை. நிலோபர், ஒலிப் பொறியாளர் என்று கம்சலா வாய்விட்டுப் படித்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மேசையில் மரக்கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. வாய்ப்பக்கத்தைக் கல்லில் வைத்து, அடிப்பக்கத்தில் காதை வைக்க வேண்டும்.

"கல்லு எப்படிம்மா பேசும்?" என்றாள் கம்சலா.

"கல்லு பேசலக்கா. அதுக்குள்ள சின்னச் சின்னதா மணிங்க இருக்கு. பாலம் கட்டும்போதே கலவையில போட்டிருக்காங்க."

"கடுகு!" என்றாள் கம்சலா.

"என்னது?"

"நாங்க கடுகும்போம். ஒவ்வொரு மூட்டைக்குள்ளயும் ஒரு பொட்டலம் வரும். கருப்பா இருக்கும். நான் ஒண்ணக் கடிச்சுக்கூடப் பாத்தேன். பல்லுதான் கூசுச்சு."

நிலோபர் எழுந்தே நின்றுவிட்டாள். "நீங்க இங்க வேலை செஞ்சிருக்கீங்களா?"

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையேடி," என்று தெய்வானை இடுப்பில் கையை வைத்தாள்.

கம்சலா அதைக் காதில் வாங்கவில்லை. "தூணு வளைஞ்சா நெளிஞ்சா ஆபீஸ்ல உக்காந்தே தெரிஞ்சுக்கலாம், அதுக்குத்தான் இதுன்னாங்க. குரலு எப்படி அதுக்குள்ள போச்சு?"

"அதை யாரும் நெனச்சே பாக்கலக்கா. கலவை ஈரமா இருக்கற வரைக்கும் மணிங்க அசையுது. பக்கத்துல என்ன சத்தமோ அதுக்குத் தகுந்தாப்பல திரும்பித் திரும்பி நிக்குது. இறுகிட்டா நின்னது நின்னபடி. உடைஞ்ச துண்டை லேபுக்குக் கொண்டுபோனப்பதான் கண்டுபிடிச்சோம். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம், அன்னிக்கு வெயிலப் பொறுத்து."

"அப்ப இடிஞ்ச சத்தம்? ரயில்ல இருந்தவங்க..."

"அது எதுவும் இல்ல. இறுகின பிறகு பதியாது." நிலோபர் குரலைத் தணித்தாள். "செத்தவங்க குரல் கேக்கும்னுதான் எல்லாரும் வர்றாங்க. கேக்கறது கட்டினவங்க குரல். ஜல்லி கொண்டா, டீ வந்துச்சா, எவன்டா என் செருப்பப் போட்டுக்கிட்டுப் போனதுன்னு. சில பேருக்குக் கோபமே வந்துடுது."

"வராதா பின்ன," என்றாள் தெய்வானை. "நாம பேசற பேச்சக் கேட்டா எனக்கே வரும்."

"சரி, இறுகின பிறகு அந்தக் கடுகு என்னா பண்ணும்?" கம்சலா விடவில்லை.

"தூணுல தாங்க முடியாத அழுத்தம் வந்தா சிக்னல் குடுக்கும். கத்தும்னு வச்சுக்கங்களேன்."

"கத்துச்சா?"

"இல்லக்கா. ஒரு தூண்கூடக் கத்தல. அதனாலதான் எல்லாம் நல்லாயிருக்குன்னு ரயில விட்டாங்க."

கம்சலா புல்வெளியைப் பார்த்தாள். ஜனங்கள் பெரும்பாலும் வலது கோடியில் இருந்த ஏழு கற்களைச் சுற்றியே நின்றார்கள். அங்கேதான் பூ, ஊதுபத்தி, போட்டோ. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றிருந்தார்.

"அது மௌனக் கற்கள்," என்றாள் நிலோபர். "அந்த ஏழுலயும் எதுவும் பதியல. இடிஞ்ச அதிர்ச்சியில அழிஞ்சுபோச்சுன்னு தகட்டுல எழுதியிருக்கு. செத்தவங்களுக்காக அந்தக் கல்லே வாய மூடிக்கிச்சுன்னு ஜனங்க சொல்றாங்க. அவரு பேரு சீவரத்தினம். பொண்ணு அந்த ரயில்ல காலேஜுக்குப் போயிட்டிருந்துச்சு. வாரம் தவறாம வருவாரு."

பேசியது பெரியவரின் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மத்த கல்லுகிட்டப் போனா கூலியாளுங்க சிரிக்கற சத்தம் கேக்குதும்மா. எம் பொண்ணு விழுந்த பாலத்தக் கட்டும்போது சிரிச்சிருக்கானுங்க. அதான் இதுகிட்ட நிக்கறேன். இது மரியாதை தெரிஞ்ச கல்லு."

தெய்வானைக்கு வாய் துறுதுறுத்தது. கம்சலா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு நிலோபரிடம் திரும்பி, "ஏழாந்தூணு எங்க?" என்று கேட்டாள்.

*

இடது கோடியில், வேலியை ஒட்டித் தனியாக நின்றது. பூ இல்லை. யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தார்கள். கம்சலா முந்தானையால் அதைத் துடைத்தாள். கல்லைக் கையால் தடவியதுமே அவளுக்கு ஒன்று உறுத்தியது. உடைந்த முகத்தில் ஜல்லி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நின்றது. விரலால் நெருடிப் பார்த்தாள், பொடி உதிரவில்லை. இது கெட்டுப்போன கலவை இல்லை என்பது வேலை தெரிந்த விரலுக்கு எட்டியது. ஆனால் மனசு அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

"இதான் எங்ககிட்ட இருக்கறதுலயே தெளிவான கல்லு," என்றாள் நிலோபர். "எந்த நேரம் வேணும்?"

"மத்தியானச் சோத்துக்கு முன்ன."

நிலோபர் கையிலிருந்த பலகையில் என்னவோ திருகினாள். கம்சலா மரக்கிண்ணத்தைக் கல்லில் வைத்துக் காதைப் பொருத்தினாள்.

முதலில் மிஷின். கடகடவென்று உருள்கிற அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே கழுத்து வலித்தது. பிறகு காக்கை. சட்டி சட்டியோடு மோதும் ஓசை. யாரோ ஒருத்தி சிரித்தாள். பல்லுக்கு நடுவில் காற்று புகுந்து விசிலடிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அது தன்னுடையது என்று புரிய நேரமானது. முன்பல் போவதற்கு முந்திய சிரிப்பு.

பிறகு தண்ணீர். சளக், சளக். இரண்டு தரம்.

"யாரு தண்ணி ஊத்துனது? வாயில என்னா கொழுக்கட்டையா? யாரு ஊத்துனது?"

கம்சலாவின் கால் தானாகப் பின்வாங்கியது. காதை மட்டும் எடுக்கவில்லை.

"தாகமா இருக்குதுண்ணா, குடிச்சிட்டு வந்துர்றேன்." அது அவள் குரல். காலடி விலகிப் போனது.

இதற்குமேல் நடந்தது அவளுக்குத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தெரியாது. கிண்ணத்தை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"உடு," என்றது தாண்டவராயனின் குரல், கொஞ்சம் தணிந்து. "யாருன்னு கேட்டு என்னா பண்ணப்போறேன். அதுங்க கழுத்தும் கழுத்துதான. டேய், கொட்டாயிலேர்ந்து ஒரு மூட்டை எடுத்தாடா."

"மேஸ்திரி, மூட்டை கொறஞ்சா கம்பெனிக்காரன் நம்பளத்தான் கேப்பான்."

"கேட்டா நான் சொல்லிக்கறேன். வெட்டு மூட்டைய. தண்ணி கூடுனா சிமிட்டியும் கூடணும், இல்லன்னா இது கல்லா, களியா? அந்தக் கடுகையும் கொட்டு, எதுக்குக் குடுத்தானோ. இன்னும் நூறு சுத்து ஓட்டு. நான் எண்றேன்."

ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண ஆரம்பித்தார். கம்சலா நூறு வரைக்கும் கேட்டாள். ஒரு எண்ணைக்கூட அவர் விழுங்கவில்லை.

கிண்ணத்தை எடுத்தபோது காதில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. "என்னாடி, என்னா சொல்லுச்சு?" என்று தெய்வானை உலுக்கினாள். கம்சலா நேராக நிலோபரைப் பார்த்தாள்.

"குரலு யாருதுன்னு தெரிஞ்சா எழுதிக் குடுக்கலாம்னு வாசல்ல போட்டிருக்குதே. அந்தத் தாளக் குடு."

"இது விசாரணைக் கமிஷன் வரைக்கும் போகும்க்கா. யோசிச்சு எழுதுங்க."

"பதினோரு வருசமா அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

கல்லின்மேலேயே தாளை வைத்து எழுதினாள். தண்ணீர் ஊற்றியது கம்சலா. மூட்டை வெட்டச் சொன்னது தாண்டவராயன் மேஸ்திரி. மூட்டை வெளியே போகவில்லை, இந்தத் தூணுக்குள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுதியதைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தாள். தெய்வானை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நிலோபர் தாளை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் மேலே போனது.

"ஒரு மூட்டை கூடவா! அக்கா, இது எங்களுக்கு இத்தன நாளாப் பெரிய கேள்வி. இந்தத் துண்டுல மட்டும் மணி கூடுதலா இருக்கு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. மிஷின்தான் தப்பா எண்ணுதுன்னு விட்டுட்டாங்க."

"மூட்டைக்கு ஒரு பொட்டலம்மா. மூட்டை கூடுனா கடுகும் கூடும்." கம்சலா கண்ணைத் துடைத்தாள். "ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லு. நான் ஊத்துன தண்ணியால இது கெட்டுப்போச்சா, இல்லியா? படிச்ச பொண்ணு, மழுப்பாத சொல்லு."

"கெட்டிருந்தா நீங்க இதைக் கேட்டிருக்கவே முடியாதுக்கா," என்றாள் நிலோபர். பாடம் ஒப்பிப்பது மாதிரி சட்டென்று வந்தது பதில். "கலவையில தண்ணி தூக்கலா இருந்தா மணிங்க நிக்காது. கனம் தாங்காம அடியில போய்ப் படிஞ்சிடும். அப்புறம் குரலும் பதியாது, சிக்னலும் வராது. லேபுல தண்ணி கூடக் கலந்து பாத்திருக்கோம், ஊமை மாதிரி..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

கம்சலா மெதுவாகத் திரும்பி வலது கோடியைப் பார்த்தாள். பூவும் புகையுமாக ஏழு கற்கள்.

"அப்ப அது?" என்றாள்.

நிலோபர் அந்தக் கற்களைப் பார்த்தாள். "அதிர்ச்சியில அழிஞ்சுபோச்சுன்னு..." என்று ஆரம்பித்து, தகட்டில் இருந்ததை முழுசாகச் சொல்ல முடியாமல் கீழே பார்த்தாள். கொஞ்சம் கழித்துத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "இதே இடிபாட்டுலதான் இந்தக் கல்லும் விழுந்துச்சு. இதுக்கு ஒண்ணும் அழியலையே," என்றாள்.

*

தாண்டவராயனின் நம்பரைச் சங்க ஆபீசில் வாங்கி ஒரு வருஷமாக முந்தானை முடிச்சில் வைத்திருந்தாள் கம்சலா. அவர் வெளியே வந்த நாளிலிருந்து. இன்றுதான் அடித்தாள். ஏழாவது மணியில் எடுத்தார்.

"யாரு?"

"கம்சலாண்ணா."

பின்னால் எங்கோ செங்கல் அடுக்குகிற ஓசை மட்டும் கேட்டது. சூளையில் காவலுக்கு இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

"அண்ணா, கருங்கழியிலேர்ந்து பேசறேன். நம்ப ஏழாந்தூணு முன்னால நிக்கறேன். அன்னிக்குத் தண்ணி ஊத்துனது நான்தான். மூட்டை போட்டத நீ சொன்னது கல்லுக்குள்ள இருக்குது. இப்பத்தான் கேட்டேன். எழுதிக் குடுத்துட்டேன். நானே எழுதுனேண்ணா."

தொண்டையைச் செருமினார் தாண்டவராயன். "ரெண்டு கொடமா, ஒண்ணா?"

"ரெண்டு."

"அடிப்பாவி. நான் ஒண்ணுன்னு நெனச்சுல்ல மூட்டை போட்டேன். ஒன்றரையா போட்டிருக்கணும்." பிறகு, பயந்த மாதிரி கேட்டார். "எப்படி இருக்குது அது? பொடி உடுதா?"

"உடலண்ணா. தடவிப் பாத்தேன். இருக்கறதுலயே இதுதான் நல்லாப் பேசுதாம். இங்க இருக்கற பொண்ணு சொல்லுது."

மறுமுனையில் செங்கல் ஓசையும் நின்றுவிட்டது. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அழுகிறாரா, வெயிலில் சூளை மேலே ஏறுகிறாரா என்று கம்சலாவால் சொல்ல முடியவில்லை.

"கோர்ட்டுல நான் வச்ச கைநாட்டு..." என்று தொடங்கினாள்.

"அத அப்புறம் பேசு. அதுக்கு உன்னத் தனியாத் திட்டணும், நேருல வா." குரல் பழைய மேஸ்திரியின் குரலாக மாறியிருந்தது. "பேசுதுங்கற. எல்லாத் தூணும் பேசுதா?"

"ஏழு கல்லு பேசலண்ணா. தண்ணி தூக்கலாயிருந்தா பேசாதாம்."

"எந்த ஏழு? நம்பரு, தேதி ஏதாச்சும் போட்டிருக்குதா? படி."

கம்சலா போனைப் பிடித்தபடி புல்வெளியைக் கடந்து வலது கோடிக்குப் போனாள். நிலோபர் தடுக்கவில்லை. தானும் பின்னால் வந்து, போனை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தாள். பூமாலைகளை விலக்கி, குனிந்து முதல் தகட்டைப் படித்தாள் கம்சலா.

"தூண் பத்து. மூணாம் அடுக்கு. ஜூலை பதினாறு."

"அன்னிக்கு நம்பளுக்கு வேல இல்ல," என்றார் தாண்டவராயன் யோசிக்காமலே. "ஓரமா உக்காருன்னுட்டான். லாரியில கலந்தே வந்துது. வழியில எங்கியோ மூணு மணி நேரம் நின்னு, பாதி இறுகிப்போயி வந்துது. திருப்பி அனுப்புன்னேன். உன் வேலையப் பாருன்னுட்டு, கம்பெனி சூப்பர்வைசரே நின்னு பைப்பப் போட்டுத் தண்ணி அடிச்சி இறக்குனான். அடுத்தது?"

"தூண் பதினொண்ணு. ரெண்டாம் அடுக்கு. ஜூலை இருபத்தெட்டு."

"அதும் லாரி. அதும் தண்ணி. அப்புறம் எப்படிப் பேசும்? கோர்ட்டுல சொன்னேன், தேதியோட சொன்னேன். எழுதிக்கல. அடுத்தது?"

மூன்றாவது கல்லில்தான் சீவரத்தினம் கை வைத்து நின்றிருந்தார். கண்ணைத் திறந்து கம்சலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்களும் ஊதுபத்தியைக் கையில் வைத்தபடி திரும்பியிருந்தார்கள். தகட்டின்மேல் அவர் மகளின் போட்டோ சாய்த்து வைத்திருந்தது. பத்தொன்பது வயது, இரட்டைச் சடை. வாசலில் படித்த முதல் பெயர் கம்சலாவுக்கு ஞாபகம் வந்தது. போட்டோவை நகர்த்த அவளுக்குக் கை வரவில்லை.

"என்னாம்மா, போனு கட்டாயிடுச்சா? அடுத்தது என்னா?" என்றது போன்.

சீவரத்தினம் குனிந்து போட்டோவை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இன்னொரு கையைக் கல்லிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தார். பிறகு ஒரு எட்டு விலகி நின்று கம்சலாவுக்கு வழிவிட்டார்.

"படிங்கம்மா," என்றார்.